வரன் சந்திப்பு நாள்: பயோடேட்டா பொருந்துது, பிள்ளைங்க பேசத்தான் மாட்டேங்குறாங்க

மண்டபத்துத் தம்பி

எல்லாருக்கும் வணக்கம். மலேசியாவில, புக்கிட் ரோத்தான் பக்கம் ஒரு கோயில் மண்டபத்தில இளைஞர் பகுதியும் மாதர் பகுதியும் சேர்ந்து வரன் சந்திப்பு நாள் ஒன்னு ஏற்பாடு பண்றோம். 12 மாப்பிள்ளைங்க, 12 பொண்ணுங்க, கூட அப்பா அம்மா. ஞாயித்துக்கிழமை பசியாறல் முடிஞ்சு ஆரம்பிச்சு, மதியச் சாப்பாட்டோட முடிக்கணும்.

தோட்டத்து லயத்தில எல்லாரும் இருந்த காலத்தில யார் வீட்டுப் பிள்ளை எப்படின்னு ஊருக்கே தெரியும். இப்ப ஆளுக்கொரு தாமான்ல, அதாவது வீடமைப்புப் பகுதியில இருக்கோம். பிள்ளைங்க கிள்ளான், ஷா ஆலாம் பக்கம் ஷிஃப்ட் வேலை, சில பேர் சிங்கப்பூர். தரகர் கொண்டாற பயோடேட்டாவில படிப்பு, சம்பளம், நட்சத்திரம் எல்லாம் பொருந்தும். ஆனா நேர்ல உட்கார வச்சா "எங்க வேலை?", "கூடப் பொறந்தவங்க எத்தனை பேரு?" அதோட பேச்சு தீர்ந்திடும். வீட்டுக்குப் போய் "ஒன்னும் தோணலம்மா"ன்னு சொல்லிடுவாங்க.

மனித ஈர்ப்பு பற்றிய உளவியல் படிச்சவங்க இங்க இருக்கீங்கன்னு தெரியும். படத்தையும் பயோடேட்டாவையும் முன்கூட்டியே அனுப்பலாமா? ஒரு ஜோடிக்கு எத்தனை நிமிஷம்? என்ன பேசச் சொல்லணும்? அப்பா அம்மாவை எங்க உட்கார வைக்கிறது? "ஒரு தடவ மொகத்தைப் பார்த்தாலே தெரிஞ்சிடும்"னு நிர்வாகத்தில பெரியவர் ஒருத்தர் அடிச்சுப் பேசுறார். அது சரியான்னும் சொல்லுங்க.

---

செம்பனைக்காடு

தம்பி, முதலில் படம். அனுப்பாதீர்கள்.

1977இல் ஸ்னைடர், டாங்கே, பெர்ஷைட் மூவரும் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஒரு சோதனை செய்தார்கள். முன்பின் தெரியாத ஓர் ஆணையும் பெண்ணையும் தொலைபேசியில் பேச விட்டார்கள். ஆணின் கையில் ஒரு பெண்ணின் படம் இருக்கும். அது எதிர்முனையில் பேசுபவளின் படமே அல்ல. சிலருக்கு அழகான முகம், சிலருக்கு அப்படி இல்லாத முகம். பிறகு பெண்ணின் குரலை மட்டும் தனியாகப் பிரித்து, எதுவும் தெரியாத வேறு ஆட்களுக்குப் போட்டுக் காட்டினார்கள். அழகான படம் பார்த்தவனோடு பேசிய பெண்கள்தான் கலகலப்பாகவும் நட்பாகவும் பேசியதாக மதிப்பிடப்பட்டார்கள். ஆண் எதிர்பார்த்துப் பேசிய விதம் பெண்ணை அப்படியே பேச வைத்துவிட்டது. உங்கள் பெரியவர் சொல்லும் "மொகத்தைப் பார்த்தாலே தெரிஞ்சிடும்" என்பதற்குள் இந்த வேலைதான் நடக்கிறது. முகத்தைப் பார்த்து முடிவு செய்துவிட்டு, அந்த முடிவுக்கு ஏற்ற குணத்தை எதிரில் இருப்பவரிடமிருந்து நாமே வரவழைத்துக்கொள்கிறோம். படத்தோடு "நிறம்" என்று ஒரு வரி பயோடேட்டாவில் வருமே, அதையும் எடுத்துவிடுங்கள்.

பயோடேட்டா விஷயம் இன்னும் சுவையானது. 2008இல் ஈஸ்ட்விக், ஃபிங்கெல் இருவரும் 163 மாணவர்களிடம் துணையிடம் என்ன எதிர்பார்க்கிறீர்கள் என்று முதலில் கேட்டார்கள். ஆண்கள் அழகுக்கும் பெண்கள் வருமானத்துக்கும் கூடுதல் மதிப்புக் கொடுத்தார்கள், நம் ஊரில் சொல்வதுபோலவே. பிறகு ஆளுக்கு 4 நிமிடம் நேரில் பேச வைத்து, அதற்கப்புறம் ஒரு மாதம் தொடர்ந்து கேட்டார்கள். உண்மையில் பிடித்துப் போனதில் அந்த ஆண் பெண் வேறுபாடு தெரியவில்லை. அவரவர் சொன்ன பட்டியலுக்கும் அவரவருக்குப் பிடித்த ஆளுக்கும் சம்பந்தம் இல்லை. 2017இல் இதே குழுவினர் சமந்தா ஜோயலுடன் சேர்ந்து, ஒவ்வொருவரிடமும் நூற்றுக்கும் மேற்பட்ட குணங்களையும் விருப்பங்களையும் கேட்டு வாங்கிக் கணினியில் போட்டுப் பார்த்தார்கள். யார் பொதுவாகப் பலருக்கும் பிடித்தவர், யார் பலரையும் விரும்புபவர் என்பதை ஓரளவு கணிக்க முடிந்தது. இன்னாருக்குக் குறிப்பாக இன்னாரைப் பிடிக்கும் என்பதைக் கணிக்கவே முடியவில்லை.

அதனால் பயோடேட்டாவைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. அதை வடிகட்டியாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்: வயது, ஏற்கெனவே மணமானவரா, குடிப்பழக்கம், எந்த ஊரில் வாழ நினைக்கிறார், பெற்றோரை உடன் வைத்துக்கொள்வாரா. ஒத்துவரவே வராது என்பதை அது சொல்லும். ஒத்துவரும் என்பதைச் சொல்லாது. அடையாள அட்டை எண், வீட்டு முகவரி, சம்பளச் சீட்டு எதையும் வாட்சப் குழுவில் சுற்ற விடாதீர்கள்.

இனி நாற்காலி. இதில்தான் எல்லோரும் கோட்டை விடுவார்கள். பெண்கள் உட்கார்ந்திருக்க, ஆண்கள் மேசை மேசையாக நகர்வதுதான் வழக்கம். 2009இல் ஃபிங்கெலும் ஈஸ்ட்விக்கும் 350 பேரை வைத்து 15 சந்திப்புகள் நடத்தினார்கள். ஏறக்குறைய பாதியில் ஆண்கள் நகர்ந்தார்கள், மீதியில் பெண்கள். ஆண்கள் நகர்ந்தபோது பெண்கள்தான் அதிகம் தட்டிக் கழித்தார்கள். பெண்கள் நகர்ந்தபோது அந்த வேறுபாடு மறைந்தே போனது. எழுந்து ஒருவரை நோக்கி நடந்து போகிறவருக்கு விருப்பமும் தன்னம்பிக்கையும் சற்றுக் கூடுகிறது. உட்கார்ந்தபடி வருகிறவரைப் பார்ப்பவர் தேர்வு செய்யும் இடத்துக்குப் போய்விடுகிறார். நம் பெண் பார்க்கும் சடங்கில் யார் நடந்து வருகிறார், யார் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறார் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

ஆகவே முதல் 6 சுற்று ஆண்கள் வலப்பக்கமாக ஒரு மேசை நகரட்டும். அடுத்த 6 சுற்று ஆண்கள் உட்கார்ந்திருக்க, பெண்கள் இடப்பக்கமாக நகரட்டும். திசையை மாற்றுவது முக்கியம். பெண்களும் வலப்பக்கமே நகர்ந்தால் ஏற்கெனவே பார்த்தவர்களே திரும்ப எதிரில் வந்து உட்காருவார்கள், மண்டபம் குழம்பிவிடும். எதிர்த்திசையில் போனால் 12 பேரையும் 12 பேரும் ஒரே ஒரு முறை சந்திப்பார்கள். அன்றைக்கு இரண்டு பெண்கள் வரவில்லை என்றால் அந்த நாற்காலிகளை எடுத்துவிடாதீர்கள். "ஓய்வு" என்று அட்டை வைத்து, பெண்கள் நகரும்போது அட்டையையும் நகர்த்துங்கள்.

ஒரு சுற்றுக்கு 5 நிமிடம், குறிப்பெழுதி நகர ஒரு நிமிடம். 12 சுற்றுக்கு 72 நிமிடம். நடுவில் தேத்தண்ணிக்கு 10 நிமிடம். 9.30க்குத் தொடங்கினால் 11க்கு முன்னால் முடியும். 12 என்ற எண்ணை 20 ஆக்க யாராவது ஆசைப்படுவார்கள், விடாதீர்கள். ஆள் கூடக் கூட மனிதர்கள் படிப்பு, வேலை போன்றவற்றை விட்டுவிட்டு வயது, உயரம், எடை என்று கண்ணுக்கு உடனே தெரிவதை வைத்தே கழிக்கத் தொடங்குகிறார்கள் என்று லெண்டன், பிரான்செஸ்கோனி ஆய்வு காட்டியது.

சுற்றுச் சுற்றாகச் சந்திக்கும் இந்த "ஸ்பீட் டேட்டிங்" முறையே வெள்ளைக்காரப் பழக்கம் என்று யாராவது சொன்னால், 1990களின் கடைசியில் லாஸ் ஏஞ்சலஸில் யாக்கோவ் டேயோ என்ற யூத மதகுரு, தம் சமூகத்துப் பிள்ளைகள் தம்மவருக்குள்ளேயே மணம் முடிக்கட்டும் என்று தொடங்கியது இது என்று சொல்லுங்கள். நிர்வாகம் அமைதியாகிவிடும்.

---

ஐஜோக் அக்கா

செம்பனைக்காடு நாற்காலி விஷயத்தை நல்லாச் சொல்லிட்டார். ஆனா 5 நிமிஷத்தில யாரும் யாரையும் புரிஞ்சுக்க மாட்டாங்க தம்பி. அது வெறும் முதல் சல்லடை. உங்க நிகழ்ச்சியோட உயிர் 11 மணிக்கு மேலதான் இருக்கு. ரெண்டு பேருமே "இன்னும் பேசலாம்"னு குறிச்ச ஜோடிங்களைத் தனித்தனி மேசையில 30 நிமிஷம் உட்கார வைங்க. ஒருத்தருக்கு ரெண்டு பொருத்தம் வந்தா ரெண்டு முறை. யாருக்கும் பொருத்தம் வரலன்னா அவங்க தனியா நிக்கிறது வெளிய தெரியக்கூடாது. அந்த நேரத்தில மாதர் பகுதி சமையல் வேலை, கோலம், ஏதாவது ஒரு குழு வேலை வச்சு எல்லாரையும் கலந்து விடுங்க.

என்ன பேசணும்? ஆர்தர் ஆரோனும் கூட்டாளிங்களும் 1997ல வெளியிட்ட முறை இருக்கு. 36 கேள்வி, 12 வீதம் மூணு கட்டம், கட்டத்துக்கு 15 நிமிஷம். காதல் வர வைக்கிற மந்திரம்னு இணையத்தில சுத்துறாங்க, அது சும்மா. முன்பின் தெரியாத ரெண்டு பேருக்கு நடுவுல தற்காலிகமா ஒரு நெருக்கத்தை ஆய்வுக்கூடத்தில உண்டாக்க முடியுமான்னு பார்க்கத்தான் அதைச் செஞ்சாங்க. முடிஞ்சது. மேலோட்டமான பேச்சு மட்டும் பேசின ஜோடிங்களை விட இவங்க நெருக்கமா உணர்ந்தாங்க. அந்தக் கேள்விங்களை அப்படியே மொழிபெயர்க்காதீங்க, நம்ம பிள்ளைங்களுக்கு ஒட்டாது. அதோட அமைப்பை மட்டும் எடுத்துக்கிட்டு, கட்டத்துக்கு 10 நிமிஷம், மூணு கேள்வின்னு வைங்க.

முதல் கட்டம் லேசா இருக்கணும். வேலை முடிஞ்சு வீட்டுக்கு வந்தா முதல் ஒரு மணி நேரம் என்ன செய்வீங்க? எதிர்பாராம 500 வெள்ளி (ரிங்கிட்) கையில வந்தா என்ன பண்ணுவீங்க? லீவு நாள்ல கூட்டம் பிடிக்குமா, தனியா இருக்கப் பிடிக்குமா?

ரெண்டாவது கட்டத்தில குடும்பமும் காசும். வீட்டுல முடிவு யார் எடுப்பாங்க? சம்பளத்தில வீட்டுக்கு எவ்வளவு கொடுக்கிறீங்க, கல்யாணத்துக்கு அப்புறம் அது மாறுமா? கல்யாணத்துக்குக் கடன் வாங்கிச் செலவு பண்றதைப் பற்றி என்ன நினைக்கிறீங்க?

மூணாவது கட்டம்தான் ஆழம். கோபம் வந்தா உடனே பேசுவீங்களா, ஒதுங்கிப் போவீங்களா? உங்க குணத்தில எது கூட இருக்கிறவங்களுக்குச் சிரமம்? எதுக்கு ரொம்பப் பயப்படுவீங்க?

ரெண்டு விதி. கேள்வி கேட்டவரும் அதே கேள்விக்குப் பதில் சொல்லணும். பதில் ஒன்றரை நிமிஷத்தைத் தாண்டக் கூடாது. சூசன் ஸ்ப்ரெச்சர் குழு 2013ல இதைத்தான் சோதிச்சது. ஒருத்தர் பேசப் பேச மத்தவர் கேட்டுக்கிட்டே இருந்து, அப்புறம் இடம் மாத்தின ஜோடிங்களை விட, மாத்தி மாத்திப் பேசின ஜோடிங்களுக்கு ஒருத்தரை ஒருத்தர் கூடுதலாப் பிடிச்சுது. நம்ம பெண் பார்க்கிற முறையில மாப்பிள்ளை பக்கம் கேள்வி கேக்கும், பொண்ணு தலை குனிஞ்சு பதில் சொல்லும். அப்ப நெருக்கம் எங்கிருந்து வரும்?

எங்க சொதப்பும்னா, மூணாவது கட்டத்துக்கு யாராவது முதல் நிமிஷத்திலயே தாவிடுவாங்க. "எனக்கு முன்ன ஒரு லவ் இருந்துச்சு, ஏமாத்திட்டா"ன்னு ஆரம்பிச்சா எதிர்ல இருக்கிறவங்களுக்கு மூச்சு முட்டும். கேள்விச் சீட்டை அதனால ஒன்னா கொடுக்காதீங்க. கட்டத்துக்கு ஒரு உறை வைங்க, மணி அடிச்ச பிறகு அடுத்த உறை. இன்னொன்னு, மனசுல உள்ளதை ஒருத்தர் சொன்ன உடனே மத்தவர் புத்திமதி சொல்றது. ரெய்ஸ், ஷேவர் ரெண்டு பேரும் 1988ல விளக்கினது இதுதான்: மனசைத் திறந்தா மட்டும் நெருக்கம் வராது. கேட்டவர் தன்னைப் புரிஞ்சுக்கிட்டார், மதிச்சார், அக்கறை காட்டினார்னு சொன்னவருக்குத் தோணணும். உறை மேலயே எழுதிடுங்க: "ஆலோசனை வேண்டாம், இன்னொரு கேள்வி கேளுங்க."

அப்புறம் அந்தக் குறிப்பு அட்டை. அது ரகசியமா இருக்கணும். வோரோவர், ராட்னர் 1996ல கண்டதை நம்ம பிள்ளைங்ககிட்ட தினமும் பார்க்கலாம். நான் முதல் அடி எடுத்து வைக்கலன்னா அது மறுத்திடுவாங்களோங்கிற பயம். நீங்க எடுத்து வைக்கலன்னா உங்களுக்கு விருப்பமே இல்லன்னு நான் முடிவு கட்டிடுவேன். ரெண்டு பேரும் அதே பயத்தோட உட்கார்ந்து, ரெண்டு பேரும் "ஒன்னும் தோணல"ன்னு வீட்டுக்குப் போறாங்க. அட்டையில எண் மட்டும், பேர் வேணாம். யாருக்கும் சொந்தமில்லாத ஒரு ஆணும் ஒரு பெண்ணும் வாங்கிப் பார்க்கட்டும். ரெண்டு பக்கமும் ஒத்து வந்தா மட்டும் வெளிய சொல்லணும். கைப்பேசி எண் அப்பவும் அவங்களே கொடுத்துக்கட்டும்.

அட்டை கொடுக்கும்போதே ஒன்னு சொல்லிடுங்க. 12 பேருக்கும் சரின்னு குறிக்கிறது தாராள மனசு இல்ல. எல்லாரையும் விரும்புற ஆளை எதிர்ல உட்கார்ந்தவங்க அந்த நாலஞ்சு நிமிஷத்திலயே மோப்பம் பிடிச்சிடுறாங்க, அவங்களைக் குறைவாத்தான் விரும்புறாங்கன்னு 2007ல ஈஸ்ட்விக் குழு காட்டியிருக்கு. "உன்னை மட்டும் பிடிச்சிருக்கு"ங்கிற விருப்பத்துக்குத்தான் பதில் விருப்பம் வருது.

---

மண்டபத்துத் தம்பி

நன்றிங்க சார், நன்றிக்கா. உறை யோசனை அருமை.

நிர்வாகத்தில இன்னொரு யோசனை வந்திருக்கு. மண்டபத்தில உட்கார வைக்கிறதுக்குப் பதிலா எல்லாரையும் கம்போங் குவாந்தானுக்குக் கூட்டிட்டுப் போய் மின்மினிப் பூச்சி பார்க்கிற படகுல ஏத்தி விடலாம், கொஞ்சம் த்ரில் இருந்தா ஈர்ப்பு வரும்னு ஏதோ பால ஆராய்ச்சி இருக்காமே? இன்னொரு கேள்வி: ஒரே தோட்டத்தில சின்ன வயசிலிருந்து பார்த்த பிள்ளைங்களைச் சேர்த்து வைக்கலாமான்னு ரெண்டு தாய்மார் கேக்குறாங்க.

---

கிராணி வீட்டுப் பேரன்

அந்தப் பால ஆராய்ச்சியைப் பாதிதான் சொல்லியிருக்கிறார்கள். டட்டன், ஆரோன், 1974. கனடாவில் வட வான்கூவரில் உள்ள கபிலானோ தொங்குபாலம், ஆற்றுக்கு மேலே ஏறக்குறைய 70 மீட்டர் உயரம், ஆடும். பாலத்தில் ஒரு பெண் நின்று ஆண்களிடம் கேள்வித்தாள் கொடுத்து, தன் எண்ணையும் கொடுத்தாள். எண்ணை வாங்கிக்கொண்ட 18 பேரில் 9 பேர் பின்னால் அழைத்தார்கள். ஆடாத தாழ்வான பாலத்தில் 16 பேரில் 2 பேர்தான். படபடப்பை ஈர்ப்பென்று எடுத்துக்கொண்டார்கள் என்பது விளக்கம். மீதிப் பாதி இது: 1981இல் வைட், ஃபிஷ்பைன், ருட்ஸ்டைன் வேறு வகையில் படபடப்பை உண்டாக்கிச் சோதித்தார்கள். கவர்ச்சியான பெண் கூடுதலாகப் பிடித்துப்போனாள். கவர்ச்சியாகக் காட்டப்படாத பெண்ணைக் கூடுதலாகப் பிடிக்காமல் போயிற்று. படபடப்பு இருப்பதைப் பெரிதாக்கும், இல்லாததை உண்டாக்காது. அதோடு மின்மினிப் படகில் த்ரில் எங்கே இருக்கிறது? இருட்டில் சத்தம் போடாமல் உட்கார வேண்டும். பேசவே முடியாத இடத்துக்குப் பேசாத பிள்ளைகளைக் கூட்டிப் போவதா!

நான் சொல்ல வருவது வேறு. செம்பனைக்காடு சாரும் அக்காவும் ஒரே நாளில் எல்லாவற்றையும் முடிக்கப் பார்க்கிறார்கள். ஈர்ப்பு ஆய்வின் பழைய பலமே திரும்பத் திரும்பப் பார்ப்பதில்தான் இருக்கிறது. ஃபெஸ்டிங்கர், ஷாக்டர், பேக் மூவரும் அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழக மாணவர் குடியிருப்பில் செய்த ஆய்வு 1950இல் வந்தது. அடுத்த வீட்டுக்காரரை நெருங்கிய நண்பராகச் சொன்னவர்கள் 41 சதவீதம், ஒரு வீடு தள்ளி 22, கூடத்தின் மறுகோடியில் 10. மாடிப்படிக்கும் கடிதப் பெட்டிக்கும் பக்கத்தில் இருந்தவர்களுக்கு நண்பர்கள் அதிகம், ஏனென்றால் எல்லோரும் அவர்களைக் கடந்துதான் போக வேண்டும். லயத்தில் தண்ணீர்க் குழாய் பக்கத்து வீட்டுக்கு ஏன் ஊரெல்லாம் பழக்கம் என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை. 1992இல் மோர்லாண்ட், பீச் இருவரும் தோற்றத்தில் ஒத்த நான்கு பெண்களை ஒரு பல்கலைக்கழக வகுப்புக்கு 0, 5, 10, 15 முறை அனுப்பினார்கள். அவர்கள் யாரிடமும் பேசவில்லை. பருவ முடிவில் படங்களைக் காட்டியபோது, அதிகம் வந்தவளைத்தான் மாணவர்களுக்கு அதிகம் பிடித்தது.

ஆகவே வரன் சந்திப்பை ஒரே நாளாக வைக்காமல், அதே 24 பேரை வைத்து மூன்று மாதத்தில் நான்கு வேலைகள் வையுங்கள்: மண்டபத்தில் கோத்தோங் ரோயோங் (எல்லோரும் கூடிச் செய்யும் பொதுவேலை), அன்னதானம், தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளுக்கு விளையாட்டு நாள், கடைசியில் நீங்கள் சொல்லும் மேசைச் சந்திப்பு. ஒவ்வொன்றிலும் வேலைக் குழுக்களைக் கலைத்துப் போடுங்கள். நிபந்தனை ஒன்று உண்டு. முதல் பார்வையிலேயே ஒருவருக்கு ஒருவரைப் பிடிக்கவில்லை என்றால் திரும்பத் திரும்பப் பார்க்க வைப்பது வெறுப்பைத்தான் கூட்டும். எப்சன் குழு 1976இல் கலிபோர்னியக் குடியிருப்பு ஒன்றில் கண்டதும் அதுதான், நண்பர்களைப் போலவே எதிரிகளும் பக்கத்திலேயே இருந்தார்கள். "வேண்டாம்" என்று ஒருவர் தனியாக வந்து சொன்னால் அடுத்த வேலையில் அந்த இருவரையும் ஒரே குழுவில் போடாதீர்கள்.

சின்ன வயதிலிருந்து பார்த்த பிள்ளைகள் பற்றி: இங்கே விஷயம் தலைகீழாகவும் போகலாம். இஸ்ரேலின் கிபுட்ஸ் பண்ணைகளில் குழந்தைகளை ஒன்றாக ஒரே கூடத்தில் வளர்த்தார்கள், தோட்டத்துக் குழந்தைக் காப்பகமான நம் ஆயாக்கொட்டகை மாதிரி, ஆனால் இரவும் பகலும். ஜோசப் ஷெஃபர் 1971இல் 2,769 திருமணங்களை ஆராய்ந்தார். ஆறு வயது வரை இடைவெளியே இல்லாமல் ஒரே குழுவில் வளர்ந்த ஜோடி அதில் ஒன்றுகூட இல்லை. சேர்ந்து வளர்ந்தால் உடன்பிறப்பு உணர்வு வந்துவிடுகிறது என்று எடுத்துக்கொண்டார்கள். 2009இல் ஷோர், சிம்காய் அப்படி வளர்ந்தவர்களை நேரில் பேட்டி கண்டபோது, ஈர்ப்பு இருந்தது, வெளியே காட்டிக்கொள்ளவில்லை என்று சொன்னவர்கள் கணிசம். ஆகத் தீர்ப்பு முடிந்துவிடவில்லை. அந்தத் தாய்மாரிடம் இப்படிச் சொல்லுங்கள்: ஒரே ஆயாக்கொட்டகைப் பிள்ளைகள் என்றால் முதலில் பிள்ளைகளைத் தனித்தனியாகக் கேளுங்கள். அண்ணன் தங்கை மாதிரி என்று ஒருவர் சொன்னால் அதைச் சாக்கு என்று நினைக்காமல் விட்டுவிடுங்கள்.

---

செம்பனைக்காடு

கிராணி வீட்டுப் பேரன் சொல்வதில் ஒன்றை மட்டும் மறுக்கிறேன். திரும்பப் பார்ப்பதன் பலன் முடிவில்லாமல் ஏறாது. பார்ன்ஸ்டைன் 1989இல் தொகுத்த ஆய்வுகளில் குறைந்த எண்ணிக்கையிலான பார்வைகளில் விளைவு பலமாகவும், அலுப்புத் தட்டியபிறகு சரிவதாகவும் தெரிந்தது. நான்கு வேலை சரி. ஷிஃப்ட் வேலைப் பிள்ளைகளை ஆறேழு ஞாயிறு இழுத்தால் வரவே மாட்டார்கள்.

---

ரோத்தான் டீச்சர்

பெற்றோரைப் பற்றி யாரும் பேசவில்லையே. மண்டபத்தில் பிரச்சினை வரப்போவது அங்கேதான்.

உட்கார வைக்கும் இடம்: சாப்பாட்டுப் பக்கம். மேசைகள் கண்ணுக்குத் தெரியலாம், பேச்சு காதில் விழக்கூடாது. மண்டபத்தின் மறுகோடி போதும். ஒலிபெருக்கியில் பாட்டுப் போடாதீர்கள். போட்டால் பிள்ளைகள் கத்திப் பேசுவார்கள், ஆழமான கேள்வியை யாரும் கத்திக் கேட்க மாட்டார்கள். மேசையில் நேரெதிரே உட்காருவதை விட மூலையைப் பகிர்ந்து உட்கார்ந்தால் கூச்சம் குறையும்.

எதிர்த்தால் காதல் முறுக்கேறும் என்று ஒரு நம்பிக்கை உண்டு. 1972இல் டிரிஸ்கால், டேவிஸ், லிபெட்ஸ் 140 ஜோடிகளைக் கொண்டு அதைச் சொன்னார்கள், இன்றைக்கும் பாடநூல்களில் இருக்கிறது. 2014இல் சின்க்ளேர், ஹூட், ரைட் அதே கேள்விகளை வைத்துத் திரும்பச் செய்தபோது அந்த விளைவு கிடைக்கவில்லை. பெற்றோர் குறுக்கீடு கூடினால் அன்பும் நம்பிக்கையும் குறைந்தன, குறை சொல்வது கூடியது. குடும்பமும் நண்பர்களும் ஆதரித்த உறவுகள்தான் பலமாக இருந்தன. ஆக, "எதிர்த்தால் ஒட்டிக்கொள்வார்கள், விட்டால் பிரிந்துவிடுவார்கள்" என்று தந்திரம் போடும் தந்தைமாருக்கும், "எதிர்ப்புத்தான் எங்கள் காதலுக்குச் சாட்சி" என்று பேசும் பிள்ளைகளுக்கும் ஒரே பதில். குடும்ப ஆதரவு நிஜமாகவே உதவும். ஆனால் ஆதரவு வேறு, குறுக்கீடு வேறு. 30 நிமிடப் பேச்சு முடிந்து பிள்ளை எழுந்து வந்ததும் "என்ன சொன்னான்?" என்று வரி வரியாகக் கேட்பது குறுக்கீடு. அன்று மாலை வரை கேட்க மாட்டோம் என்று பெற்றோரிடம் காலையிலேயே வாக்கு வாங்குங்கள்.

வாட்சப்பில் ஜெய்ப்பூர் ஆய்வு ஒன்று சுற்றும், காதல் திருமணத்தில் அன்பு குறையும், பெரியோர் நிச்சயித்ததில் ஏறும் என்று. உண்மையான ஆய்வுதான். குப்தா, சிங், 1982. ஆனால் மொத்தம் 50 ஜோடிதான். 2012இல் ரீகன், லகன்பால், அங்கியானோ அமெரிக்காவில் வாழும் இந்தியர்களிடம் பார்த்தபோது இரண்டு வகைத் திருமணத்துக்கும் அன்பிலோ மனநிறைவிலோ வேறுபாடு தெரியவில்லை. அதுவும் சிறிய ஆய்வு. இரண்டில் எதையும் மேடையில் வாசிக்காதீர்கள். கைதட்டல் கிடைக்கும், பிள்ளைகள் முகம் சுருங்கும்.

இன்னொரு வேலை: வயது. 1976ஆம் ஆண்டுத் திருமணச் சட்டப்படி முஸ்லிம் அல்லாதவர்களில் 21 வயது ஆகாதவர் மணம் பதியத் தந்தையின் எழுத்துச் சம்மதம் வேண்டும். பதிவில் 21க்குக் கீழே வாங்காதீர்கள், பாதித் தலைவலி தீரும்.

---

மண்டபத்துத் தம்பி

டீச்சர், இது எனக்குத் தோணவே இல்ல, நன்றி. நாலு வேலைத் திட்டத்தை நிர்வாகத்துக்கு எழுதிக் கொடுக்கிறேன். கடைசியா ஒன்னு: பேர் கொடுத்த மாப்பிள்ளைங்கள்ல அஞ்சு பேரு சிங்கப்பூர்ல வேலை. மாசத்துக்கு ஒரு தடவதான் ஊருக்கு வருவாங்க. பொருத்தம் வந்தா நிச்சயம் வரைக்கும் எல்லாம் வாட்சப்லதான் ஓடும். அது தாங்குமா?

---

ஐஜோக் அக்கா

தாங்கும் தம்பி. தூரத்தில இருக்கிற ஜோடிங்க பேசுறது கொஞ்சம்தான், ஆனா பேசும்போது மனசைத் திறக்கிறது கூட. ஜியாங், ஹான்காக் 2013ல நாட்குறிப்பு எழுத வச்சுப் பார்த்தாங்க. சிக்கலே அங்கதான் இருக்கு. ஒருத்தரை ஒருத்தர் ரொம்ப நல்லவங்களா மனசுல வரைஞ்சுக்கிறாங்க. திரையில நல்ல பேச்சு மட்டும்தான் வரும். அவர் ஷிஃப்ட் முடிஞ்சு எரிஞ்சு விழுறது, இவங்க மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிறது, கடையில சண்டை எதுவும் வராது. ஸ்டாஃபர்ட், மெரோலா, காசல் 2006ல கண்டது: தூரத்திலிருந்து ஒரே ஊருக்கு வந்து சேர்ந்த காதல் ஜோடிங்கள்ல ஏறக்குறைய மூணுல ஒரு பங்கு மூணு மாசத்துக்குள்ள பிரிஞ்சிட்டாங்க.

அதனால அந்த அஞ்சு பேருக்கும் நிச்சயத்துக்கு முன்ன நேர்ல நாலு தடவையாவது சந்திப்பு வேணும்னு விதி வைங்க. உணவகத்தில உட்கார்ந்து பேசுற சந்திப்பு இல்ல. ரெண்டு பேரும் சேர்ந்து ஒரு வேலை செய்யணும்: கல்யாணப் பட்ஜெட் போடுறது, மண்டப வாடகை விசாரிக்கிறது, ரெண்டு வீட்டுப் பெரியவங்களோட ஒரு நாள் சமையல். அலுப்பு, அவசரம், காசுக் கணக்கு இந்த மூணும் இருக்கிற மாதிரி பார்த்துக்குங்க. அப்பத்தான் கோபம் வரும்போது எப்படி இருக்காங்கன்னு தெரியும். ஜான் காட்மன்ங்கிற உளவியலாளர், தம்பதிங்க போடுற சண்டையை வருஷக்கணக்கா ஆராஞ்சு நாலு ஆபத்துச் சொன்னார்: குணத்தையே குறை சொல்றது, இளக்காரம், தன்மேல தப்பே இல்லன்னு வாதாடுறது, சுவர் மாதிரி பேச்சை நிறுத்திக்கிறது. இதுல இளக்காரம்தான் விஷம். கண்ணை உருட்டுறது, உதட்டைச் சுழிக்கிறது, பொண்ணோட படிப்பையோ அவ அப்பா வேலையையோ வச்சு நக்கல் அடிக்கிறது. நிச்சயத்துக்கு முன்னயே அது தெரிஞ்சா, சம்பளம் எவ்வளவு இருந்தாலும் தாய்மார் நிதானிக்கணும்.

வாட்சப்ல பார்க்க வேண்டியது எத்தனை செய்தி வந்துச்சுங்கிறதை இல்ல. நல்ல சேதி சொன்னா என்ன பதில் வருதுன்னு பாருங்க. ஷெல்லி கேபிள் குழு 2004ல சொன்னது, சந்தோஷத்தை எப்படி வாங்கிக்கிறாங்கங்கிறதுக்கும் உறவோட நலத்துக்கும் நெருங்கின தொடர்பு உண்டுன்னு. பொண்ணு "எனக்குப் புரமோஷன்"னு அனுப்புறா. "அப்படியா! யார் சொன்னா, எப்படி ஆச்சு?"ன்னு வந்தா நல்லது. "ஓகே, நைஸ்" சப்பை. "அப்ப ஓவர்டைம் கூடுமே, வீட்டை யார் பார்ப்பா?"ன்னு வந்தா, அடுத்த தடவ ஊருக்கு வரும்போது அதையே நேர்ல பேசச் சொல்லுங்க, உறை இல்லாம.